ஊறுகாய் பாட்டிலுக்கு லேபிள்: ஆயிரம் அடிக்கும் முன் பத்தை நாசம் பண்ணிப் பாருங்கள்

முதல் தீபாவளிக்கு 240 பாட்டில் மாங்காய் அச்சார் போட்டேன். லேபிள் பார்க்க அவ்வளவு அழகு. பளபளப்புக் காகிதம், மஞ்சள் பின்னணி, நடுவில் காம்போடு ஒரு மாங்காய். வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து ஒட்டினோம். சனிக்கிழமை காலை கோயில் வளாகத்தில் மேஜை போட்டு அடுக்கும்போது பார்த்தால், பாதிப் பாட்டில்களில் லேபிளின் கீழ் ஓரம் எண்ணெய் குடித்து, பஜ்ஜி வைத்த பேப்பர் மாதிரி ஆகிவிட்டது. மூடியை எவ்வளவு இறுக்கினாலும் அச்சாரில் ஒரு சொட்டு எண்ணெயாவது விளிம்பில் ஏறி வழியும், அது நேராக லேபிளுக்குத்தான் போகும். அச்சகத்துக்காரரைக் குற்றம் சொல்ல வழியில்லை. அவர் எத்தனை வேண்டும் என்று கேட்டார், நான் எண்ணிக்கையைச் சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் வீட்டிலிருந்து மசாலாவோ ஊறுகாயோ மிட்டாயோ விற்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எங்கே அடிச்சீங்க, என்ன விலை?" என்றுதான். எங்கே என்பது இரண்டாம் பட்சம். எதன் மேல் ஒட்டப் போகிறீர்கள், அதற்குப் பிறகு அது என்ன பாடு படப் போகிறது என்பதைச் சொல்லத் தெரிந்தால் டர்பனில் எந்த அச்சகத்துக்குப் போனாலும் காரியம் நடக்கும்.

லேபிளை ஒரே பொருளாகப் பார்க்காதீர்கள். மேலே மையும் அதன் மேல் ஒரு பூச்சும், நடுவில் காகிதமோ பிளாஸ்டிக்கோ, அடியில் பசை. மூன்றும் தனித்தனியாகக் கெடும். என் முதல் லேபிளில் பசை அருமையாகத்தான் பிடித்திருந்தது. போனது நடு அடுக்கு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் "லேபிள் சரியில்லை" என்று மட்டும் சொன்னால், அடுத்த முறை இன்னும் பலமான பசையோடு அதே காகிதத்தைக் கொடுப்பார்கள்.

பாட்டில் எங்கெல்லாம் போகும்

ஒரு தாளில் எழுதுங்கள்: அடுப்படியிலிருந்து வாங்குகிறவர் வீட்டில் காலியாகும் வரை அந்தப் பாட்டில் எங்கெங்கே போகிறது? என்னுடைய அச்சார் எண்ணெய்க் கையோடு மூடப்படும், அட்டைப் பெட்டியில் ஒன்றோடொன்று உரசும், வெயிலில் கார் பின்னால் கிடக்கும், டர்பன் கோடையின் பிசுபிசுப்பில் கடை அலமாரியில் நிற்கும், வாங்கியவர் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் தினம் இரண்டு முறை நடக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்தவுடன் பாட்டில் வியர்க்குமே, அந்த ஈரம்தான் காகித லேபிளுக்கு எமன்.

என் நாத்தனார் சமூசா செய்து ஃப்ரீஸ் பண்ணி விற்கிறார். அவர் கதை வேறு. 2023-இல் லோட்ஷெடிங் (முறை வைத்து நடக்கும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது ஃப்ரீஸர் நின்று நின்று ஓடியதில், பாக்கெட் மேல் பனி உருகி, மறுபடி உறைந்து, லேபிளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டது. கடைக்காரர் பெட்டியைத் திறந்தால் லேபிள்கள் எல்லாம் அடியில் உதிர்ந்து கிடந்தன, எது உருளைக்கிழங்கு எது பட்டாணி என்று தெரியவில்லை. புரட்டாசி மாதம் வேறு. சைவ பாக்கெட் எது, கறி பாக்கெட் எது என்று தெரியாமல் ஒன்றைக்கூட விற்க முடியாமல் போனது.

ஜோகன்னஸ்பர்க்குக்கு அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். நாம் இருப்பது கடல் மட்டம், அந்த ஊர் சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் இங்கே இருப்பதைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறும்போதே, இங்கே காற்றோடு ஒட்டிய மசாலா பாக்கெட் தலையணை மாதிரி உப்பத் தொடங்கிவிடும். உப்பினால் மேலே ஒட்டிய விறைப்பான லேபிள் சுருங்கும், ஓரம் தூக்கும். இதற்கு லேபிளை மாற்றுவதைவிட, பாக்கெட்டின் வாயை ஒட்டி மூடும் முன் காற்றை அழுத்தி வெளியேற்றுவது நல்ல மருந்து.

காகிதமா பிளாஸ்டிக்கா

உலர்ந்த பொருள், உலர்ந்த அலமாரி, சீக்கிரம் விற்றுப் போகும் சரக்கு என்றால் காகிதம் போதும், விலையும் குறைவு. மிட்டாய்ப் பெட்டி, முறுக்கு டப்பா இதெல்லாம் காகிதத்தில் தாராளமாக ஓட்டலாம். பழுப்புக் கிராஃப்ட் காகிதம் இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது, கைத்தொழில் மாதிரி தெரியும் என்கிறார்கள். சரிதான், ஆனால் அது எண்ணெயை உறிஞ்சும் வேகத்துக்கு அப்பளம்கூட நிற்காது.

எண்ணெய், தண்ணீர், குளிர் மூன்றில் ஒன்று இருந்தாலும் பாலிப்ரொப்பிலீன் கேளுங்கள். அச்சகத்தில் "பிபி" என்றால் புரியும். வெள்ளை, தெளிவான கண்ணாடி மாதிரி, வெள்ளி நிறம் என்று கிடைக்கும். தண்ணீர் ஊறாது, கிழியாது. பிழிந்து ஊற்றும் சாஸ் பாட்டில் என்றால் பாலிஎத்திலீன் கேளுங்கள். அது பாட்டிலோடு சேர்ந்து வளையும், பிபி விறைப்பானது என்பதால் நாலு முறை பிழிந்ததும் சுருக்கம் விழுந்துவிடும்.

தெளிவான லேபிள் திரையில் பார்க்க மிக அழகாக இருக்கும், பாட்டிலிலேயே நேராக அச்சடித்த மாதிரி. ஆனால் எழுத்துக்கு அடியில் வெள்ளை மை வைக்காவிட்டால் அச்சாரின் சிவப்பு மேல் உங்கள் எழுத்து காணாமல் போகும். வெள்ளை மைக்குத் தனிக் காசு. கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் லேபிளிலும் மை அழியும் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டு இங்க்ஜெட்டில் அடித்தால் தாள் தண்ணீருக்குத் தாங்கும், சாய மை கரைந்து ஓடும். நிறமி மை பரவாயில்லை. எண்ணெய்ப் பொருளுக்கு மேலே மெல்லிய லாமினேஷன் போடுவதுதான் நிம்மதி. வார்னிஷ் மலிவு, ஆனால் எண்ணெய்க் கையால் நூறு முறை தேய்த்தால் லாமினேஷன் அளவுக்கு நிற்காது.

பசை

பசை எதன் மேல் பிடிக்கும் என்பது பரப்பைப் பொறுத்தது. கண்ணாடிக்கும் தகரத்துக்கும் கிட்டத்தட்ட எல்லாப் பசையும் ஒட்டும். தகராறு பண்ணுவது பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் டப்பாக்கள். பரப்பு எப்படி என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். டப்பா மேல் சொட்டினால் தட்டையாகப் பரவினால் பசையும் பரவிப் பிடிக்கும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால், அந்த டப்பாவுக்கென்று கெட்டியான பசை கேட்க வேண்டும்.

வெப்பநிலையில் இரண்டு எண்கள் உண்டு, இரண்டையும் கேளுங்கள். ஒட்டும் நேரத்தில் பரப்பு குறைந்தபட்சம் எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்பது ஒன்று. ஒட்டிய பிறகு எதுவரை தாங்கும் என்பது இன்னொன்று. ஃப்ரீஸருக்கு மைனஸ் 20 வரை தாங்கும் என்று எழுதியிருக்கும் பசையைக்கூட, ஏற்கெனவே உறைந்த பாக்கெட் மேல் ஒட்டினால் பிடிக்காது. குளிரில் பசை விறைத்துப் போய்ப் பரப்பின் நுண்ணிய மேடு பள்ளத்துக்குள் இறங்காது. நாத்தனார் செய்தது இந்தத் தப்புதான்: சமூசா உறைந்த பிறகு நிதானமாக உட்கார்ந்து ஒட்டினார். இப்போது காலிப் பையில் ஒட்டி, ஒரு நாள் விட்டு, அப்புறம் நிரப்புகிறார்.

அந்த ஒரு நாள் முக்கியம். பல பசைகள், முக்கியமாக அக்ரிலிக் வகை, ஒட்டியவுடன் முழு பலத்தில் இருக்காது. ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஏறிக்கொண்டே போகும். லேபிள் தொழிலில் பசையை அளக்கும் நிலையான சோதனையிலேயே, ஒட்டி 20 நிமிடம் கழித்து ஒரு முறையும் 24 மணி நேரம் கழித்து ஒரு முறையும் உரித்துப் பார்ப்பார்கள். ஒட்டி ஐந்து நிமிடத்தில் நகத்தால் கிளப்பிப் பார்த்து "பசை சுமார்தான்" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஒட்டும் முன் பாட்டிலைத் துடைப்பதும் பசையின் பாதி வேலை. நிரப்பி, மூடி, ஆறவிட்டு, வெந்நீரில் சோப்புத் துணியால் துடைத்து, காயவைத்து, கடைசியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட துணியால் லேபிள் படும் இடத்தை மட்டும் ஒரு இழுப்பு. மசாலா பாக்கெட்டுக்கு இது தலைகீழ்: காலிப் பாக்கெட்டை மேஜையில் தட்டையாக வைத்து முதலில் லேபிள், பிறகு மசாலா. மிளகாய்த் தூள் பறக்கும் அறையில் லேபிள் ஒட்டினால் பசை பிளாஸ்டிக்கில் ஒட்டாது, தூளில் ஒட்டும்.

ஓர் இடைச்செருகல்: நம் ஆன்ட்டிகள் காலி பாட்டிலைத் தூக்கிப் போட மாட்டார்கள். கழுவி, கடுகு போட்டு வைப்பார்கள், சிலர் திருப்பிக் கொண்டுவந்தும் கொடுப்பார்கள். பிபி லேபிளை உரிக்க அவர்கள் படும் பாட்டைக் கேட்டபின், உரிக்கும்போது முழுசாக வரும் பசை உண்டா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். உண்டு, ஆனால் எண்ணெய்ப் பாட்டிலில் அது நான் கேட்காத நேரத்திலும் முழுசாக வந்துவிட்டது. நிரந்தரப் பசைக்கே திரும்பிவிட்டேன், மன்னிக்கணும் ஆன்ட்டி.

அளவு எடுப்பது

பாட்டிலின் நேரான சுவர் மட்டும்தான் லேபிளுக்கு. தோள் வளையத் தொடங்கும் இடத்துக்கும் அடி வளைவுக்கும் 3 மில்லிமீட்டர் உள்ளே நில்லுங்கள். என் பாட்டில் 72 மில்லிமீட்டர் விட்டம், சுற்றளவு 226. முழுக்கச் சுற்றி ஒன்றன் மேல் ஒன்று ஏறவேண்டும் என்றால் 231 வேண்டும். நான் வைத்திருப்பது 205, ஏனென்றால் பின்னால் அந்த இரண்டு விரல் இடைவெளியில் மாங்காய்த் துண்டு தெரியவேண்டும். வாங்குகிறவர் முன்பக்கப் படத்தைப் பார்ப்பதில்லை, பாட்டிலைத் திருப்பி உள்ளே துண்டு எத்தனை, எண்ணெய் எத்தனை என்றுதான் பார்ப்பார்.

மேலே அகலம், கீழே ஒடுக்கமாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு நேர்ச் செவ்வக லேபிள் ஒட்டவே ஒட்டாது, ஒரு பக்கம் மேலே ஏறிக்கொண்டே போகும். அதற்கு வில் மாதிரி வளைத்து வெட்டிய லேபிள் வேண்டும். செய்தித்தாளை டப்பாவில் சுற்றி, மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் பேனாவால் கோடு போட்டு விரித்தால் வளைவு தானாக வந்துவிடும். மூலைகளை வட்டமாக வெட்டச் சொல்லுங்கள். கூர் மூலைதான் முதலில் கிளம்பும்.

தமிழ் எழுத்து

இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லியே ஆகவேண்டும். லேபிளில் தமிழிலும் பெயர் இருக்கட்டும் என்று ஆசை. இங்கே வாங்குகிறவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் சொற்பம், இருந்தாலும் 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளுக்கு அந்த எழுத்தைப் பார்த்தாலே ஒரு சந்தோஷம். வடிவமைத்த தம்பிக்குத் தமிழ் தெரியாது, நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே ஒட்டிவிட்டார். "கொத்தமல்லி" என்பதில் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது, புள்ளிகள் எழுத்தின் தலையை விட்டுப் பக்கத்தில் புள்ளிக்கோட்டு வட்டம் ஒன்றின் மேல் தனியாக. பிடிஎஃப்பை அவசரத்தில் கைபேசியில் பார்த்துச் சரி என்று சொன்னவள் நான்தான். கோயிலில் ஓர் ஆயா பாக்கெட்டை எட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது என்ன பாஷை?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

காரணம் சின்னது. வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோர்ப்பு அமைப்பைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அது இல்லாவிட்டால் கொம்பும் காலும் புள்ளியும் தட்டிய வரிசையில் அப்படியே விழும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டியதை அனுப்பினால் அதைவிட மோசம், அவர் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் தட்டுங்கள், கூடவே சரியாகத் தெரியும் படம் ஒன்றையும் அனுப்பி "இதே மாதிரி வரவேண்டும்" என்று சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் கோப்பில் எழுத்துகளைக் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றச் சொல்லுங்கள், அப்போதுதான் அச்சகத்துக் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் உடையாது. அப்புறம் கறுப்புப் பின்னணியில் வெள்ளைத் தமிழ் எழுத்தைச் சின்னதாக வைக்காதீர்கள். ண, ணை, ஞ இவற்றின் சுழிகள் மையில் அடைந்து கொழுக்கட்டையாகிவிடும். எழுத்தளவில் நான் 8 பாயின்ட்டுக்குக் கீழே போவதில்லை.

சட்டம் கேட்பது

நம் அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயர் இருக்கிறது, ஆனால் அது ஆட்சி மொழி இல்லை. லேபிளில் சட்டப்படி வேண்டிய விவரம் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும், முடிந்தால் இன்னோர் ஆட்சி மொழியிலும். தமிழ் அதற்கு மேல் நம் சொந்த விருப்பம். 2010-இல் வந்த ஆர்146 விதிகள்தான் உணவு லேபிளுக்கு அடிப்படை. பொருளின் பெயர் முன்பக்கத்தில் குறைந்தது 4 மில்லிமீட்டர் உயர எழுத்தில், மற்ற விவரங்கள் 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல். சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாக. தயாரிப்பவர் பெயர், முகவரி, நாடு, நிகர எடை, தொகுதி எண், காலாவதித் தேதி, தேவைப்பட்டால் வைக்கும் முறை. "ஹெல்தி" என்று போட முடியாது, அந்தச் சொல்லை விதி தடுக்கிறது. வீட்டில் செய்து விற்றாலும் நகராட்சியிடம் சமையலறைக்கு ஏற்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், அது 2018-இன் ஆர்638 விதிகளில் வரும். லேபிள் அடிக்கும் முன்பே அதை வாங்கிவிடுங்கள், ஏனென்றால் முகவரி மாறினால் லேபிள் முழுக்க வீண்.

நம் சமையலுக்கென்றே இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சிட்டிகைதானே போடுகிறோம் என்று விடக்கூடாது, கோதுமை ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது, லேபிளில் சொல்லியே ஆகவேண்டும். டப்பாவின் பின்பக்கத்தை ஒரு முறை படித்துப் பாருங்கள், நான் படித்தது மூன்றாவது வருடம். இரண்டாவது கண்ணி, எந்த நாட்டுப் பொருள் என்பது. இந்தியாவிலிருந்து வந்த மிளகாயையும் மல்லியையும் இங்கே அரைத்துப் பாக்கெட் போட்டுவிட்டு "பிராடக்ட் ஆஃப் சவுத் ஆப்பிரிக்கா" என்று எழுத முடியாது. முக்கியச் சேர்மானமும் வேலையும் இங்கேயே நடந்தால்தான் அந்தச் சொற்றொடர். வெளிநாட்டுச் சரக்குக்கு வேறு சொற்றொடர்கள் இருக்கின்றன, உங்கள் பொருளுக்கு எது பொருந்தும் என்று நகராட்சிச் சுகாதார அதிகாரியிடமே கேட்டுவிடுங்கள்.

பார்கோடு பற்றி இரண்டு வார்த்தை. சந்தையில் மேஜை போட்டு விற்கும் வரை தேவையில்லை. சூப்பர் மார்க்கெட் என்றால் தேவை. இங்கே ஜிஎஸ்1 அமைப்பில் பதிந்து வாங்கும் எண் 600 அல்லது 601 என்று தொடங்கும். முழு அளவு சுமார் 37 × 26 மில்லிமீட்டர், 80 சதவீதம் வரை சுருக்கலாம், இரண்டு பக்கமும் உள்ள வெற்றிடத்தை மட்டும் தின்னக்கூடாது. ஒல்லியான பாட்டிலில் கோடுகள் ஏணிப் படி மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்திருக்கட்டும், நட்டு வைத்த வேலி மாதிரி வைத்தால் வளைவில் இரண்டு ஓரமும் ஸ்கேனருக்குத் தெரியாமல் போகும். அழகுக்காகச் சிவப்புக் கோடு போடாதீர்கள். கடை ஸ்கேனரின் ஒளி பெரும்பாலும் சிவப்பு, அதற்குச் சிவப்புக் கோடு வெள்ளைத் தாள் மாதிரித்தான். கைபேசியில் படித்துவிடும், அதுதான் ஆபத்து: வீட்டில் பாஸ், கடையில் ஃபெயில். தெரிந்த கடைக்குப் பத்துப் பாட்டிலோடு போய், கூட்டமில்லாத நேரத்தில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சோதனை

அச்சகத்தில் முதலில் அச்சடிக்காத வெற்று லேபிள் கேளுங்கள், மூன்று நாலு வகைத் தாளும் பசையும். பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். வகையின் பெயரையும் பசையின் பெயரையும் எழுதி வாங்குங்கள், "நல்ல ஸ்டிக்கர்" என்பது பெயரில்லை. ஒவ்வொரு வகைக்கும் மூன்று பாட்டில், அடியில் மார்க்கரால் எண். ஒரு பாட்டிலை மட்டும் ஒன்றும் செய்யாமல் அலமாரியில் வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். காலி பாட்டிலில் சோதித்துப் பயனில்லை. உங்கள் பொருள் நிரப்பிய, நீங்கள் வழக்கமாகத் துடைக்கும் விதத்தில் துடைத்த பாட்டில்தான் வேண்டும். ஒட்டி ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

எண்ணெய்ச் சோதனை என்னுடைய செல்லம். தட்டில் ஒரு விரல்கடையில் கால்பங்கு உயரத்துக்கு அச்சார் எண்ணெயே ஊற்றி (சுத்தமான எண்ணெய் போதாது, மஞ்சளும் மிளகாயும் கலந்த எண்ணெய்தான் கறை காட்டும்) பாட்டிலை அதில் நிறுத்தி ராத்திரி முழுக்க விடுங்கள், லேபிளின் கீழ் ஓரம் எண்ணெயைத் தொடவேண்டும். காலையில் துடைத்துவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். காகிதம் என்றால் ஊடு தெரியும். பிபி என்றால் மேல் பக்கம் சுத்தமாக இருக்கும், ஆனால் ஓரத்தைக் கவனியுங்கள்: பசைக்குள் எண்ணெய் நுழைந்திருந்தால் விளிம்பை ஒட்டி நூல் அளவுக்கு ஒரு மஞ்சள் கோடு தெரியும். இன்று கோடு, இரண்டு வாரத்தில் அந்த ஓரம் தூக்கும். நான் ஒரு வகையை இந்தக் கோட்டுக்காகவே நிராகரித்தேன், மற்ற எல்லாச் சோதனையிலும் அது தேறியிருந்தது. பிறகு, அச்சடித்த மாதிரி லேபிளில், எண்ணெய்க் கட்டைவிரலால் எழுத்து மேல் ஐம்பது தடவை தேயுங்கள். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். விரலில் மை வந்தால் பூச்சு போதவில்லை.

தண்ணீருக்கு வாளியில் பனிக்கட்டி போட்டு ஒரு ராத்திரி, எடுத்தவுடன் ஈரத்தோடு மூலையை நகத்தால் நிமிண்டுங்கள். ஃப்ரீஸர் பொருளுக்கு அது போதாது: உறையவிட்டு, நாலு மணி நேரம் வெளியே வைத்து, மறுபடி உறையவிட்டு, மூன்று சுற்று. மின்சாரம் நமக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்த பாடம்தான் இது.

வெயிலுக்கு ஒரு பாட்டில் காரின் டேஷ்போர்டில் ஒரு வாரம், பாதி லேபிளை அட்டையால் மூடி. அட்டையை எடுத்தால் சாயம் வெளுத்தது எவ்வளவு என்று அப்பட்டமாகத் தெரியும். என் மஞ்சள் பின்னணி அப்படியே இருந்தது, பச்சை இலைதான் நீலம் பாரித்துப் போனது.

பயணத்துக்கு, விற்பனைக்கு அனுப்பும் அதே பெட்டியில் பாட்டில்களை அடுக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் உங்கள் வேலையைப் பாருங்கள். பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில், மேடு பள்ளம் எல்லாம். ஜோகன்னஸ்பர்க்கில் சொந்தக்காரர் இருந்தால் ஆறு பாட்டிலும் நாலு பாக்கெட்டும் அனுப்பி, திறக்காமல் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சின்னம்மா மகன் எனக்கு அனுப்பிய படத்தில் பாட்டில்கள் இடித்துக்கொண்ட இடத்தில் லாமினேஷன் இல்லாத லேபிளில் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழுந்திருந்தது, லாமினேஷன் போட்டது புதுசு மாதிரி இருந்தது. அதோடு அந்த விவாதம் முடிந்தது.

படிக்க முடிகிறதா என்பதையும் சோதியுங்கள். கண்ணாடி போடாத ஓர் ஆன்ட்டியிடம், சமையலறை விளக்கு வெளிச்சத்தில் கொடுத்து, "இதில் என்ன காரம், எப்போது வரை வைக்கலாம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அவர் பாட்டிலைத் தூர நீட்டிக் கண்ணைச் சுருக்கினால் எழுத்து சின்னது. சட்டத்தின் 1 மில்லிமீட்டர் சட்டத்துக்குத்தான் போதும்.

தேதி போடுகிற இடம் கடைசியில் எல்லோரும் மறப்பது. லாமினேஷன் மேல் பால்பாயின்ட் பேனா எழுதாது, ரப்பர் ஸ்டாம்ப் மை காயாது, இழுத்தால் அழியும். வடிவமைக்கும்போதே 25 × 10 மில்லிமீட்டர் அளவுக்குப் பூச்சே இல்லாத வெற்றுக் கட்டம் விடச் சொல்லுங்கள், அல்லது தேதியை மூடியில் தனிச் சின்ன ஸ்டிக்கராக ஒட்டுங்கள். அந்த ஸ்டிக்கருக்கு, ரசீது மாதிரி சூட்டில் கறுக்கும் தாளைப் பயன்படுத்தாதீர்கள். வெயிலிலும் எண்ணெயிலும் தேதி மங்கி மறைந்துவிடும். மாதத்தை எண்ணில் போடாமல் எழுத்தில் போடுங்கள், 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று யாரும் யோசிக்க வேண்டாம்.

எல்லாம் தேறிய பிறகும் நேராக ஆயிரத்துக்குப் போகாதீர்கள். டிஜிட்டல் அச்சில் அச்சுத் தகடு செலவு கிடையாது, ஐம்பதோ நூறோ அடிக்கலாம், ஒன்றின் விலை கூடத்தான் இருக்கும். சேர்மானமோ முகவரியோ மாறப்போவதில்லை என்று நிச்சயமான பிறகு, தகடு செய்து அடிக்கும் ஃப்ளெக்ஸோ அச்சில் மொத்தமாக அடித்தால் விலை இறங்கும். ரோலில் வாங்கினால் எந்தப் பக்கம் முதலில் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், கையால் ஒட்டுவதற்குத் தலைகீழாக வரும் ரோல் ஒரு நாளைத் தின்றுவிடும்.

அச்சகம் சொல்லாமல் தாள் வகையை மாற்றுவது உண்டு, கையிருப்பில் இல்லை, இதுவும் அதேதான் என்பார்கள். நான் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் ஒவ்வொரு ஆர்டரிலிருந்தும் ஒரு லேபிளை ஒட்டி, தேதி, தாள், பசை, விலை எழுதி வைத்திருக்கிறேன். புது ரோல் வந்தால் முதல் இரண்டைப் பிய்ப்பேன். ஒன்று நோட்டில் பழையதன் பக்கத்தில் ஒட்டப்படும், இன்னொன்று பாட்டிலில் ஒட்டி, ஒரு நாள் விட்டு, எண்ணெய்த் தட்டுக்குப் போகும்.